செருப்புக்கு உத்தரவு

நாகமுத்துவைக் கரண்டு பிடித்துக்கொண்டபோது ஆர்.கே.பேட்டைக் கல்யாணப் பந்தலில் கூட்டம் விசில் அடித்தது. ஆடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். கழுத்தில் கித்தார் தொங்க, உதடு மைக்கோடு ஒட்டிக்கொண்டு, முழங்கால் இரண்டும் வெடவெடவென்று உதறினால் அவர்கள்தான் பாவம் வேறு என்ன நினைப்பார்கள்? மெல்லிசைக் கச்சேரி என்றால் ஆட்டமும் உண்டு என்று கேள்விப்பட்டு, மழை ஈரத்தில் பாய் போட்டு உட்கார்ந்த சனங்கள். பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்த ஜெயராஜ்தான் அவன் முகத்தைப் பார்த்தார். கண் மேலே செருகியிருந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். நாகமுத்து மூட்டை மாதிரி விழுந்தான். அதற்கும் கொஞ்சம் பேர் கை தட்டினார்கள்.

நாகமுத்து எங்கள் சங்குமேட்டுக் குப்பத்துப் பிள்ளை. அப்பன் குப்பனோடு பழவேற்காடு ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன், கல்யாணமானதும் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி இழுக்கும் மில் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான். உலையில் பழுத்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. அதே மில்லில் கிரேன் ஓட்டிய ஜெயராஜ் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். ஷிப்டு முடிந்து அவர் வீட்டு வாசலில் நின்று நின்று கேட்டு, கடைசியில் கித்தாரையே கையில் வாங்கிவிட்டான் இவன். எங்களுக்கு இதில் ஏகக் கிண்டல். கயிறு இழுக்க வணங்காதவன் கம்பி நோண்டப் போய்விட்டான் என்போம். உள்ளுக்குள் பெருமை இல்லாமலும் இல்லை. குப்பத்துப் பிள்ளை பேர் கல்யாண நோட்டீசில் அச்சாவது என்ன சாதாரணமா?

ஆஸ்பத்திரியில் அவன் கண் திறப்பதற்குள் அவன் அம்மா தாயாரம்மாள் ஒரு காரியம் செய்துவிட்டாள். மீன் கூடையை பஸ் நிறுத்தத்திலேயே போட்டுவிட்டு ஓடியவள், மகன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டாள். இவனைப் பிழைக்க வைத்துவிடு, ஆடி மாசம் உன் எல்லைக்குள்ளே, உன் முகத்துக்கு நேரே, அதே கித்தார்ப் பெட்டியை அவன் வாசிப்பான் என்றாள். மொட்டை போடுகிறேன், கூழ் வார்க்கிறேன் என்று உலகத்தில் ஆயிரம் நேர்த்தி இருக்க, கொல்லப் பார்த்த பெட்டியையே நேர்ந்துகொண்டாள் மகராசி. வேறு யாராவது நேர்ந்திருந்தால் பூசாரியைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வருஷா வருஷம் கங்கம்மா இறங்குவதே தாயாரம்மாள் மேல்தான். பம்பை முழங்கியதும் அவளுக்குச் சாமி வரும். மழை உண்டா, மீன் படுமா, யார் யாருக்கு என்ன குறை என்று அவள் வாயால் வருவதுதான் குப்பத்துக்கு உத்தரவு. அந்த வாயால் நேர்ந்ததை யார் போய் மாற்றுவது?

பிழைத்து வந்தவனுக்கு உதட்டில் ஒரு கறுப்புத் தழும்பு. கொஞ்ச நாள் சோற்றில் உப்பு ருசியே தெரியவில்லை என்றான். பார்க்க வந்த ஜெயராஜ், குப்பன் கொடுத்த வறுத்த இறாலைத் தின்றுகொண்டே விஷயத்தை விளக்கினார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் மெட்ராசில் ஒரு ரேடியோ கடையில் கட்டியது. அதன் தகரத்தில் எப்போதும் கொஞ்சம் கரண்டு கசியும். ஒயர் வழியே கித்தார் கம்பிக்கும் வரும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் குறையும், அடியோடு போகாது. மைக் செட்டு வேறு ஆளுடையது, வேறு லைனில் மாட்டியது. கை கம்பியில் இருக்கும்போது வாய் மைக்கில் பட்டால், இரண்டுக்கும் நடுவே மனுஷன்தான் ஒயர். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றால் மைக்கே வேண்டாம், கம்பி ஒன்றே போதும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் குழுவில் புதுச் சட்டம் வந்தது. மைக்குக்கும் கித்தாருக்கும் ஒரே போர்டில் பிளக். மைக் தலைக்கு ஸ்பாஞ்சு உறை. கித்தார்க்காரனுக்குத் தடித்த ரப்பர் செருப்பு கட்டாயம். எதைத் தொடுவதானாலும் முதலில் புறங்கையால் தொடவேண்டும். உள்ளங்கையால் தொட்டால் விரல் தானாக மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. இந்தப் புறங்கைப் பழக்கம் நாகமுத்துவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்புச் சட்டியைக்கூடப் புறங்கையால் தொட்டுவிட்டுத்தான் இறக்குவான். நடை பழகிக்கொண்டிருந்த அவன் பெண் குழந்தை, தெரு நாய்க்குட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தது. நாங்கள் எல்லாம் சிரித்தோம். அவன் பெண்டாட்டி செங்கம்மாள் சிரிக்கவில்லை.

ஆடி பிறந்தது. பகலெல்லாம் மேல்காற்று மணலை வாரிக் கண்ணில் அடித்தது. சாயங்காலமானால் கடல்காற்று ஏறி, காய்ந்த துணியெல்லாம் மறுபடி பிசுபிசுத்தது. செங்கம்மாள் வாசலில் குந்தி மடவை மீனைக் கீறி உப்பு அடைத்துக்கொண்டே மாமியாரோடு சண்டை பிடித்தாள். கருவாடு போடுகிற கைக்கும் வாய்க்கும் அவளிடம் போட்டி.

"உன்ன யாரு அத்தே பொட்டிய நேந்துக்க சொன்னது? நீ பட்ட கடனுக்கு என் தாலிய வட்டியா கேக்கறியா?"

"வாயக் கயுவுடி. கங்கம்மா குடுத்த உசுரு அது. குடுத்தவ எடுப்பாளா?"

"எடுக்க வாணாம். அது செருப்பு போட்டுக்கினு வாசிக்கட்டும். நான் வேற இன்னா கேக்கறேன்?"

"செருப்போடயா? அவ மூஞ்சிக்கு எதிர்லயா?" என்று தாயாரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பழவேற்காடு சந்தைக்குப் போய்விட்டாள்.

எங்கள் கங்கம்மா கொஞ்சம் கண்டிப்பானவள். காப்பு கட்டிவிட்டால் அவளைவிட உயரத்தில் யாரும் நிற்கக் கூடாது. அதனால் கூத்தானாலும் கச்சேரியானாலும் மேடை கிடையாது, கோயில் எதிரே மணல்தான். அந்த மணலில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். எல்லைக்குள் செருப்பு கூடாது. வீட்டில் தாளிப்பு கூடாது. இதெல்லாம் நாகமுத்துவுக்குத் தெரியாததா? இருந்தும் குப்பத்துத் தலைவர் முனிகிருஷ்ணனிடம் போய்க் கேட்டான். முனிகிருஷ்ணன் கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் பயந்தவர். இன்றைக்கு ஒருத்தன் போட்டால் அடுத்த வருஷம் ஊரே போட்டுக்கொண்டு வரும் என்றார். கரண்டு இல்லாமல் வாசித்தால் என்ன என்று யோசனையும் சொன்னார். நாகமுத்து அங்கேயே ஒயர் இல்லாமல் வாசித்துக் காட்டினான். காதோரம் கொசு கத்துகிற மாதிரி இருந்தது. முனிகிருஷ்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, இதைக் கங்கம்மா எப்படிக் கேட்பாள் என்றார்.

போகாமலே இருந்துவிட்டால் என்ன என்று செங்கம்மாள் கேட்டாள். அன்றைக்குப் படுக்கப் பாய் விரித்துக்கொண்டிருந்த நாகமுத்து, விரித்ததைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம்.

"எனுக்கும் பயம் தான் செங்கம்மா. கம்பியப் பாத்தாலே தொண்ட காயுது. ஆனா நம்ம சனம் ஒரு தபா கேக்கணும். எங்கெங்கியோ வாசிக்கறேன், நைனா கேட்டதில்ல, அம்மா கேட்டதில்ல. ஜெயராஜ் அண்ணன் எர்த்து போட்டுக் குடுப்பாரு, பேஜாரு இல்ல."

எர்த்து என்றால் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் ஆழமாக இறக்கி, ஆம்ப்ளிஃபயர் தகரத்தை அதோடு ஒயரால் கட்டிவிடுவது. கசிகிற கரண்டு மனுஷனை விட்டுவிட்டு மண்ணுக்குப் போய்விடும். நம்பிக்கையாகத்தான் இருந்தார்கள்.

திருவிழா அன்று காலையிலேயே கூழ் வார்த்தார்கள். கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, கடித்துக்கொள்ள வெங்காயம். மதியம் கழிந்து ஜெயராஜின் வேன் புழுதியோடு வந்து நின்றது. வந்தவர் முதல் வேலையாகக் கோயில் எதிரே ஈர மணலைக் காலால் கீறிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உப்பு மண், அதில் தண்ணீர் வேறு. கரண்டுக்கு விருந்து வைத்த மாதிரி இருக்கிறது என்றார். எர்த்துக் கம்பியையும் சம்மட்டியையும் வேனிலிருந்து இறக்கினார். அவ்வளவுதான், நாலு பேர் ஓடிவந்து சம்மட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பு கட்டின பிறகு எல்லைக்குள் மண்ணில் இரும்பு இறக்குவதா? பந்தல் கால்களையே காப்புக்கு முன்னால் நட்டு முடித்துவிடுவது எங்கள் வழக்கம். மண்ணுக்குள் படுத்திருப்பவள் அவள்; அவள் மேல் ஆணி அடிப்பார்களா? எல்லைக்கு வெளியே அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவ்வளவு தூரத்துக்கு ஜெயராஜிடம் ஒயர் இல்லை.

அப்போது குப்பன் எழுந்தார். வாய் திறக்காத மனுஷர். ஏரியில் அவர் பாடு, அதாவது அவர் முறை, வந்தால் வலை போடுவார், வராத நாளில் வலை பின்னுவார், அவ்வளவுதான் அவர் உலகம். மரத்தில் கரண்டு பாயாதே, பலகை மேல் நிற்கட்டுமே என்றார். பலகை போட்டால் உயரமாகிவிடாதா என்று ஒரு பேச்சு கிளம்பியது. குப்பனுடைய பழைய படகுப் பலகை என்றதும் அது அடங்கிப்போனது. கங்கம்மாவுக்குப் பொட்டு வைத்துப் பூசை போட்டுத் தண்ணீரில் இறக்கிய படகு அது. அதன் பலகை அவளுடையதேதான் என்று முனிகிருஷ்ணனே சொல்லிவிட்டார். எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்பன் படகில் நின்று பிள்ளை வாசிக்கப்போகிறான்! குப்பன் பலகையைத் தோளில் சுமந்துவந்து போட்டு, துண்டால் துடைத்துவிட்டார். வெயிலில் கிடந்த பலகை, பார்வைக்குக் கட்டைவிறகாகக் காய்ந்திருந்தது.

இருபது வருஷம் உப்புத்தண்ணி குடித்த மரம் காயுமா? காற்றில் இருக்கிற ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். அடுப்பில் வைத்தாலும் புகைதான் வரும் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படகு, கங்கம்மா, அப்பன் என்று மனசு அந்தப் பக்கமே போய்விட்டது.

நாகமுத்து பலகை மேல் வெறுங்காலோடு ஏறினான். கித்தாரை மாட்டிக்கொள்ளவில்லை, ஜெயராஜ் ஸ்டூல் மேல் வைத்திருந்தார். ஒயர் செருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்கள். நாகமுத்து புறங்கையைக் கொண்டுபோய் மெதுவாகக் கம்பியில் வைத்தான். வைத்தது ஒரு நொடி இருக்காது. கை பின்னால் வீசி அவன் தாடையிலேயே அடித்தது. பலகையிலிருந்து சறுக்கி மணலில் உட்கார்ந்துவிட்டான். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சிரித்தான். உதட்டில் ரத்தமே இல்லை.

தாயாரம்மாள் பந்தலோரம் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள். மகனைக் கரண்டு தொடுவதை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கண்ணால் பார்த்தாள். ஆர்.கே.பேட்டையில் நடந்ததை அவள் பார்க்கவில்லை அல்லவா. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிலில் கிடந்த பிள்ளைதான். காத்துக் கருப்பு அடித்த மாதிரி என்று நினைத்திருப்பாளோ என்னவோ. கட்டின வேப்பிலை கையிலேயே இருக்க, நின்ற இடத்தில் நின்றாள். செங்கம்மாள் ஓடிவந்து புருஷன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அவன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து முனிகிருஷ்ணன் தாயாரம்மாள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டார். பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் ஒரு வழி அவரிடம் இருந்தது.

"அண்ணி, சாயங்காலம் கங்கம்மா எறங்கி வருவா இல்ல? அவ வாயால, எம்புள்ள செருப்பு போட்டுக்கட்டும்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா, அப்பறம் நாங்க யாரு கேக்கறதுக்கு? ஊரே கையெடுத்துக் கும்புட்டுக்கும்."

தாயாரம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கூத்தில் வேஷம் கட்டுகிறவளா என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லையாம். முனிகிருஷ்ணன் வெற்றிலையை விழுங்கிவிட்டு எழுந்து போனார். அவர் போனதும் உள்ளே இருந்த செங்கம்மாள் வெளியே வந்து மாமியார் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேசமாவே இருக்கட்டுமே அத்தே. பொய்யாவே ஆடேன். பாவம்னா எனக்கு வரட்டும்."

தாயாரம்மாள் மருமகள் தலையில் கையை வைத்தாள். அவளுக்கு அது முடியாத காரியம். வருஷமெல்லாம் மீன் நாற்றத்தோடு பேரம் பேசிக்கொண்டு திரிகிற பொம்பளைக்கு, வருஷத்தில் ஒரு நாள் ஒருத்தி உள்ளே வந்து நின்றுவிட்டுப் போகிறாள். அதில் பொய் கலந்துவிட்டால் அப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது?

பொழுது சாய்ந்தது. கரகம் ஏரிக்கரையிலிருந்து வந்து சேர்ந்தது. பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் கொட்டக் கொட்ட மணல் குழைந்து காலை உள்ளே வாங்கியது. கோயில் எதிரே டியூப் லைட் வெளிச்சத்தில் ஜெயராஜின் ஆட்கள் மேளமும் பெட்டியுமாகத் தயாராக நின்றார்கள். நாகமுத்து கித்தார் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றான். செங்கம்மாள் இடுப்பில் குழந்தை. கையில் துண்டு சுற்றி அவன் ரப்பர் செருப்பு. எல்லைக்குள் அதைக் கொண்டுவந்ததே குற்றம்தான். நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம்.

பம்பை எடுத்தார்கள். தாயாரம்மாள் ஈரப் புடவையோடு, கையில் வேப்பிலையோடு பந்தல் காலருகில் வந்து நின்றாள். எப்போதும் இரண்டாவது சுற்றுக்கே அவள் முடி அவிழ்ந்துவிடும். அன்றைக்கு அவிழவில்லை. பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அவள் பந்தல் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கண் மூடியிருந்தது. பல்லைக் கடித்திருந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியிலிருந்து வேர்வை குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு மூக்கில் இறங்கியது. பாவம், என்ன பாடுபட்டுக் கூப்பிடுகிறாள் என்று எங்களுக்கே மனசு கேட்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். வா தாயே, வா தாயே என்று ஆம்பிளைகளும் குரல் கொடுத்தோம். பம்பைக்காரர்கள் கை ஓய்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அடி நின்றது.

தாயாரம்மாள் கண்ணைத் திறந்தாள். மூச்சு வாங்கியது. வேப்பிலையைக் கரகத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"கங்கம்மா வரல. இப்ப பேசறது நான் தான், குப்பன் பொண்டாட்டி தாயாரம்மா. கரண்டுன்னா இன்னான்னு தெரியாம நேந்துக்கினேன். இன்னிக்கி கண்ணால பாத்துட்டேன். எம்புள்ள செருப்பு போட்டுக்கினு தான் வாசிப்பான். குத்தம்னா அது என் குத்தம். அவன் குத்தம் இல்ல, ஊரு குத்தமும் இல்ல."

"அண்ணி, அவ உத்தரவு இல்லாம எப்படி?" என்றார் முனிகிருஷ்ணன்.

"உத்தரவு இல்ல முனிகிருஷ்ணா. நான் உத்தரவு கேக்கவும் இல்ல. சொல்றேன்."

தாயாரம்மாள் மருமகள் கையிலிருந்த துண்டை வாங்கிப் பிரித்தாள். செருப்பு இரண்டையும் கொண்டுபோய் மகன் காலடியில் போட்டாள். அம்மா கை தொட்டு வைத்த செருப்பில் கால் வைக்க அவன் தயங்கினான். அவளே குனிந்து, மணல் ஒட்டின அவன் காலைத் தன் முந்தானையால் துடைத்து, ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தாள். சாமி வந்து சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்போம். ஒரு தாய் வந்து சொன்னால் என்ன செய்வது என்று எங்களுக்குப் பழக்கமில்லை.

ஜெயராஜ் பிளக்கைத் திருப்பிச் செருகினார். நாகமுத்து புறங்கையால் கம்பியைத் தொட்டான். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டான். பிறகு கித்தாரை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். எங்களுக்கு அதுவரை கித்தார் என்றால் ரேடியோவில் பாட்டுக்கு நடுவே வந்துபோகிற சத்தம்தான். எங்கள் மணலில் நின்று, எங்கள் ஒருத்தன் கையால், அது அழுகிற மாதிரியும் கூப்பிடுகிற மாதிரியும் எழும்பியபோது குப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டார். தாயாரம்மாள் மட்டும் பாட்டைக் கேட்டாளா என்று தெரியாது. கடைசிவரை அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கச்சேரியைப் பற்றிப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சாமி வராத உடம்பு என்று ஒரு பேச்சு மெல்லக் கிளம்பியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் குப்பத்தில் எல்லாருமே பூசாரிதான். அடுத்த ஆடிக்கு வேப்பிலையை மணியம்மாள் என்ற இன்னொருத்தி கையில் கொடுத்தார்கள். பம்பை அடித்ததும் மணியம்மாளுக்கு நன்றாகவே சாமி வந்தது. தாயாரம்மாள் கூழ்ச் சொம்போடு பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்தாள். பக்கத்தில் நின்ற செங்கம்மாளுக்குத் தாங்கவில்லை. என்னால்தானே உனக்கு இது என்று அழுதுவிட்டு, அன்றைக்கு மட்டும் கங்கம்மா ஏன் அத்தே வராமல் போனாள் என்று கேட்டிருக்கிறாள். செங்கம்மாள் வெகுநாள் கழித்து என் வீட்டுக்காரியிடம் சொன்னதைத்தான் இப்போது சொல்கிறேன்.

"வராம இன்னா? வந்தாடி. உச்சந்தலைக்கு ஏறிட்டா. நான் தான் பல்லக் கடிச்சிக்கினு உள்ள உடல."

"ஏன் அத்தே?"

"வந்து, செருப்பு கூடாதுன்னு சொல்லிட்டான்னா? அவ சொன்னப்பறம் நான் எப்டிடி மாட்டேங்கறது?"

சொல்லிவிட்டு, மணியம்மாளிடம் குங்குமம் வாங்க நின்ற வரிசையில் தாயாரம்மாளும் போய் நின்றுகொண்டாள்.